டெல்ஃபி ட்ரீவியூவின் கணுக்களில் கூடுதல் தகவலை இணைக்கும் முறை

டெல்ஃபி நிரலாக்க மொழியில், தகவலை மரக்கிளை வடிவில் காட்டும் திரை உறுப்பான டிட்ரீவியூவில் ஒவ்வொரு கணுவுக்கும் (மரத்தின் ஒவ்வொரு வரிக்கும்) ‘டேட்டா’ என்றொரு பண்பு உண்டு. அது வகை குறிப்பிடாத வெறும் பாயிண்டர், அதாவது நினைவக முகவரி. 32 பிட் நிரலில் 4 பைட்டும் 64 பிட் நிரலில் 8 பைட்டும் கொண்டது. கிடங்கு இருப்பைக் காட்டும் நிரலில் பொருளின் குறியீட்டு எண்ணை மட்டும் அதில் வைத்துச் சமாளிக்கலாம். விலை, அலகு, இருப்பு ஆகியனவும் தேவைப்படும்போது அது போதாது.

பல புலங்களைத் தொகுத்து வைக்கும் ரெக்கார்டு ஒன்றை ‘நியூ’ மூலம் நினைவகத்தில் உருவாக்கி, ‘ஆட்சைல்ட்ஆப்ஜெக்ட்’ வழியாகக் கணுவோடு இணைப்பது பழைய வழி. அதை விடுவிக்கும்போது ‘டேட்டா’வை அப்படியே ‘டிஸ்போஸ்’ (நினைவகத்தை விடுவிக்கும் கட்டளை) செய்யக் கூடாது. அந்த ரெக்கார்டுக்குரிய பாயிண்டர் வகைக்கு மாற்றிய பிறகே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ஸ்ட்ரிங்குகளின் நினைவகம் விடுபடாமல் தங்கிவிடும்.

பொருள்வகையைக் காட்டும் கணுவுக்கு ஒருவிதத் தகவலும் தனிப்பொருளைக் காட்டும் கணுவுக்கு வேறுவிதத் தகவலும் தேவை என்றால் ரெக்கார்டைவிட கிளாஸே ஏற்றது. பொதுவான புலங்களை அடிப்படை கிளாஸில் வைத்து, அதிலிருந்து பொருள்வகைக்கு ஒன்றும் தனிப்பொருளுக்கு ஒன்றுமாக இரண்டு கிளாஸ்களை வருவித்துக்கொள்ளுங்கள். கணுவைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ‘டேட்டா’ வெறுமையாக இல்லை என்று பார்த்து, அதை டிஆப்ஜெக்டாக (எல்லா கிளாஸ்களுக்கும் மூலமான கிளாஸ்) மாற்றி, எந்த கிளாஸைச் சேர்ந்தது என்று ‘இஸ்’ கொண்டு சோதித்த பின்னரே புலங்களைத் தொடவேண்டும். பின்னாளில் புதிய புலம் சேர்ந்தாலும் ட்ரீவியூ சார்ந்த நிரல்வரிகள் மாறாது.

இந்த கிளாஸ்களிலிருந்து உருவாகும் ஆப்ஜெக்டுகளுக்கு உரிமையாளர் யார், அதாவது அவற்றை விடுவிக்கும் பொறுப்பு எதனுடையது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். கணு அழியும்போது எழும் ‘ஆன்டெலிஷன்’ நிகழ்வில் விடுவிப்பதே வழக்கம். ஆனால் ‘அசைன்’ கொண்டு கணுவை நகலெடுத்தால் பாயிண்டர் மட்டுமே நகலாகி, ஒரே ஆப்ஜெக்டை இரு கணுக்கள் காட்டும். அவை இரண்டும் அழியும்போது அது இருமுறை விடுவிக்கப்படும். ஆகவே எல்லா ஆப்ஜெக்டுகளையும் ஒரு டிஆப்ஜெக்ட்லிஸ்டில் (தன்னிடமுள்ள ஆப்ஜெக்டுகளுக்குத் தானே உரிமையாளராக இருக்கும் பட்டியல்) சேர்த்து, கணுக்களை அதன் பார்வையாளர்களாக மட்டும் விடுவதையே நான் விரும்புகிறேன். பட்டியலை விடுவிக்கும்போது எல்லாம் ஒருசேர விடுபடும். இடையில் ஒன்றை நீக்க நேர்ந்தால் முதலில் கணுவையும் பிறகு பட்டியலிலுள்ள ஆப்ஜெக்டையும் நீக்குங்கள். தாய்க்கணுவை நீக்கினால் அதன் கிளைக்கணுக்களும் சேர்ந்தே போகும் என்பதால் அவற்றின் ஆப்ஜெக்டுகளையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

‘ஆன்கிரியேட்நோட்கிளாஸ்’ நிகழ்வின் மூலம், கணுவுக்குரிய கிளாஸான டிட்ரீநோடிலிருந்தே ஒரு கிளாஸை வருவித்து, புலங்களைக் கணுவுக்குள்ளேயே வைப்பதும் இயலும். பார்க்க அழகான வழிதான். ஆனால் விண்டோ ஹேண்டில் (திரை உறுப்புக்கு விண்டோஸ் தரும் அடையாளம்) மீண்டும் உருவாக்கப்படும் தருணத்தில் கணுக்கள் புதிதாகக் கட்டப்படுவதால், நாம் சேர்த்த புலங்களின் மதிப்பு தொலைந்துபோகக்கூடும். ‘டேட்டா’ பாயிண்டரோ அப்போதும் மீட்கப்படும்.

பழைய நிரலை 64 பிட்டுக்கு மாற்றும்போது, பாயிண்டரை இன்டிஜராக மாற்றும் இடங்களையெல்லாம் தேடி, பாயிண்டரின் அளவுக்கே இருக்கும் முழுஎண் வகையான நேட்டிவ்இன்ட் ஆக்குங்கள். 64 பிட்டிலும் இன்டிஜர் 4 பைட்டாகவே இருப்பதால் பாயிண்டரின் மேற்பாதி வெட்டுப்படும். ‘சேவ்டுஃபைல்’ கணுக்களின் உரையை மட்டுமே கோப்பில் எழுதும்; ஆப்ஜெக்டுகளின் தகவலை நீங்களே தனியாகச் சேமிக்க வேண்டும்.