இட்சென் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் இட்சென் சின்ன ஆறு. மொத்த நீளம் 50 கிலோமீட்டருக்கும் குறைவு. சுண்ணப் பாறை ஊற்றுகளில் பிறந்து, வின்செஸ்டர் வழியாகப் போய் சவுத்தாம்ப்டனில் கடலைச் சேர்கிறது. பாறைக்குள் வடிகட்டி வரும் தண்ணீர் என்பதால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். புதிதாகப் போகிறவர் ஏமாறுவதே இந்தத் தெளிவில்தான். மீன் கண்ணில் பட்டதும் குஷியாகிவிடுகிறார். அதற்குள் மீன் அவரைப் பார்த்திருக்கும்.

பெரிய தவறு, கரையோரமாக நிமிர்ந்து நடப்பது. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுக்கத் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும். 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் சுமார் 70 செ.மீ. அகலம். தாழ்வாக இருப்பதெல்லாம் அதன் விளிம்பில் நசுங்கிப்போய் மங்கலாகத் தெரியும். ஆகவே முட்டிபோட்டு நகர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ட்ரவுட் நீரோட்டத்துக்கு எதிரே தலை வைத்து நிற்கும் என்பதால் கீழ்ப்புறத்திலிருந்து, அதன் வால் பக்கமாக வாருங்கள். நிழல் ஆற்றில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மீன் எழும்பினால் மேலே மிதக்கும் பூச்சியைத்தான் தின்கிறது என்று நினைத்துக்கொள்வது. மேலே வந்து பூச்சியை வாங்கும் மீன் காற்றையும் சேர்த்து விழுங்குவதால், வளைய அலைக்கு நடுவே பெரும்பாலும் ஒரு குமிழியை விட்டுவிட்டுப் போகும். குமிழியே இல்லாமல் தண்ணீர் புடைத்து அடங்கினால், அது நீருக்குள் மேலேறி வரும் நிம்ஃப் எனும் இளம்பூச்சியைத் தின்கிறது. அதற்கு முன்னால், தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த மிதக்கும் போலிப்பூச்சியை மாற்றி மாற்றிப் போட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. வின்செஸ்டரை ஒட்டிய அபட்ஸ் பார்ட்டனில் 1883 முதல் 1938 வரை தூண்டில் போட்ட ஸ்கியூஸ் என்பவர் இதைக் கவனித்து, நிம்ஃப் போட்டுப் பிடிக்கும் முறையை வளர்த்தார். மிதக்கும் பூச்சி தவிர வேறெதுவும் கூடாது என்று பிடிவாதம் பிடித்த ஹால்ஃபோர்ட் என்ற தூண்டில் எழுத்தாளரின் கட்சிக்காரர்களுக்கு அது ஆகவில்லை. என் ஓட்டு ஸ்கியூஸுக்குத்தான். ஆனால் சில பகுதிகளில் இன்றும் நிம்ஃபுக்குக் கட்டுப்பாடு உண்டு, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எறிவது சரியாக இருந்தும் மீன் கடிக்கவில்லையா? தூண்டில் நரம்பைப் பாருங்கள். பாசிப் புதர்களுக்கு இடையே தண்ணீர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் வேகமாக ஓடும் தண்ணீர் நரம்பை இழுத்தால் போலிப்பூச்சி கோடு கிழித்துக்கொண்டு போகும். நிஜப் பூச்சி அப்படிப் போகாது. நரம்பைக் கொஞ்சம் தளர்வாக, மேல்நீர்ப் பக்கம் சாய்த்து விழவிடுங்கள்.

அப்புறம் அனுமதி. இங்கிலாந்தில் 13 வயது ஆனாலே தூண்டில் உரிமம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. கரைக்குச் சொந்தக்காரரின் அல்லது அங்கே உரிமை வைத்திருக்கும் கிளப்பின் அனுமதியும் தேவை.

மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டே தொடுங்கள். உலர்ந்த கை பட்டால் மேல்தோலின் வழுவழுப்புப் போய்விடும், கிருமி தொற்றும். எதிர்முள் இல்லாத தூண்டில் முள் என்றால் மீனைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றிவிடலாம்.

வேறொரு ஆற்றில் நனைந்த பூட்ஸோடு நேராக இங்கே இறங்குவதும் தவறுதான், பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. இட்செனில் வெள்ளை இடுக்கி கிரேஃபிஷ் என்ற, இறால் போன்ற அரிய உள்ளூர் நன்னீர் உயிரினம் பிழைத்திருக்கிறது. அமெரிக்கக் கிரேஃபிஷ் பரப்பும் பூஞ்சை போன்ற கொள்ளைநோய் ஈரமான பூட்ஸிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு வரும். கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே கொண்டுபோங்கள்.