ரிசர்வ் ஓய்வுக்குப் பிறகு விடுபட்ட பதவி உயர்வு: பதிவைத் திருத்திய விதம்

அமெரிக்க ராணுவ ரிசர்வில் ஓய்வு பெற்ற பின் விடுபட்ட பதவி உயர்வைக் கேட்க, ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு அனுப்பும் டிடி 149 விண்ணப்பப் படிவம்தான் வழி. ஆனால் அதை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். சேவைப் பதிவுகளைக் கேட்கும் எஸ்எஃப் 180 படிவத்தை அனுப்பி முழு சேவைக் கோப்பையும் முதலில் வரவழைத்துப் பாருங்கள். என் கோப்பில் பயிற்சி முடித்த சான்றிதழ் ஒரு தாள் சேரவே இல்லை. சிக்கலின் வேர் அதுதான்.

தவறு தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாண்டிவிட்டால் தாமதத்துக்கான காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். நீதியின் பொருட்டு வாரியம் அதை மன்னிக்கலாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். ராணுவ நிர்வாகம் சரியாகவே நடந்தது என்று எடுத்துக்கொண்டுதான் வாரியம் தொடங்கும்; தவறை நிரூபிப்பது நம் பொறுப்பு. "எனக்குத் தகுதி இருந்தது" என்ற வரி செல்லாது. எந்தத் தேதியில் தகுதி முழுமையானது, அன்று அந்தப் பதவிக்குக் காலியிடம் இருந்ததா, எந்தத் தாள் விடுபட்டது என்பதைத் தேதி வரிசையில் காட்டுங்கள். மதிப்பீட்டு அறிக்கைகள், அன்றைய மேலதிகாரியின் கையொப்பமிட்ட வாக்குமூலம் இரண்டும் பெரிய பலம். மூலத்தை அனுப்பாதீர்கள், நகல் போதும்.

கேட்பதையும் துல்லியமாகக் கேளுங்கள்: பதவி, அமலாகும் தேதி, நிலுவைச் சம்பளம். அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் நேரடி உயர்வு கிடைக்காது. விடுபட்ட உயர்வை மீண்டும் பரிசீலிக்கும் சிறப்புத் தேர்வுக் குழுவின் மறுபரிசீலனையைக் கேளுங்கள்.

இடையில், உங்கள் வழக்கைப் பற்றி வாரியம் ராணுவ அலுவலகத்திடம் கேட்டு வாங்கிய ஆலோசனைக் கருத்து ஒன்று வந்தால், கெடு முடியுமுன் கட்டாயம் பதில் எழுதுங்கள். நிராகரித்தால், புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம்.