பின் டிஃபரன்ஷியல் ஊளையிட்டால்: கண்டறியும் முறையும் மாற்றும் முறையும்

பின்சக்கரங்களால் இயங்கும் ஸ்போர்ட்ஸ் காரின் பின்பகுதியிலிருந்து ஊளைச் சத்தம் எழுந்தால், பட்டறையில் முதலில் காதில் விழும் தீர்ப்பு ‘கிரவுன் போய்விட்டது’ என்பதுதான். கிரவுன் என்பது, இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம். அந்தத் தீர்ப்பை நம்பி டிஃபரன்ஷியலை இறக்கி, பெருந்தொகை செலவழித்து வேறொன்றைப் பூட்டிய பிறகும் அதே சத்தம் தொடர்வதும், கடைசியில் பழுது வீல் பேரிங்கிலோ ஒழுங்கற்றுத் தேய்ந்த டயரிலோ இருந்ததாகத் தெரியவருவதும் அரிதல்ல. கழற்றி மாட்டுவது உடலுழைப்பு மட்டுமே. கண்டறிவதுதான் உண்மையான வேலை. ஆகவே இங்கே அதற்கே கூடுதல் இடம் தரப்படுகிறது.

முன்னால் எஞ்சினும், பின்னால் சப்ஃபிரேமில் (அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டுப் பூட்டிய தனி டிஃபரன்ஷியலும் உள்ள கார்களுக்கே இந்த முறை பொருந்தும். 2015 மாடலிலிருந்து வரும் ஃபோர்டு மஸ்டாங், நிசான் 370இசட், பிஎம்டபிள்யூ இசட்4 ஆகியவை அந்த வகை. போர்ஷே 911 போல எஞ்சின் பின்னால் உள்ள கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அவற்றின் வழி வேறு.

கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டின் சுழற்சியை, டெயில் பினியன் என்ற சிறு பல்சக்கரம் வாங்கிக் கிரவுனுக்குக் கொடுக்கிறது. கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் இருக்கும் சிறு கியர்கள், வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தருகின்றன. பினியனைத் தாங்க இரண்டு பேரிங், கூட்டைத் தாங்க இரண்டு பேரிங் என நான்கு பேரிங்குகள் உள்ளன. விகிதம் (கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது) 3.55 உள்ள காரில் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பினியன் மூன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும் என்பதால், பினியன் பேரிங் கெட்டால் சத்தம் மெல்லிய குரலில் உயர்ந்து ஒலிக்கும். கூட்டின் பேரிங் கெட்டால் சக்கரத்தின் வேகத்திலேயே கனத்த உறுமலாகக் கேட்கும். பின்னதைத்தான் வீல் பேரிங் சத்தத்தோடு எளிதில் குழப்பிக்கொள்கிறார்கள்.

சத்தத்தை ஓட்டிப் பார்த்துப் பிரித்தறிய வேகச் சாலை, மலைச் சாலை இரண்டும் வேண்டும். சேலத்தில் இருப்பவருக்கு இருவகைச் சாலைகளும் அருகிலேயே உள்ளன: நாமக்கல் பக்கம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 அல்லது சங்ககிரி பக்கம் செல்லும் 544, மற்றொன்று அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதை. இவை இரண்டும் வெவ்வேறு பழுதுகளைக் காட்டிக்கொடுப்பவை. ஊளையும் உறுமலும் நெடுஞ்சாலை வேகத்தில்தான் தெளிவாகக் கேட்கும். மலைப்பாதையில் மெதுவாகத் திரும்பும்போது வீல் பேரிங் பெரும்பாலும் வாயே திறக்காது. மாறாக, வளைவில் எழும் கடகடப்பும் ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது எழும் ‘டக்’ சத்தமும் மலையில்தான் வெளிப்படும்.

முதலில் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, பின்டயர்களின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் தட்டுப்பட்டால், சத்தத்தின் பெரும்பகுதி அங்கிருந்தே வரக்கூடும். பிறகு போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில், கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, சத்தம் மிகுந்து கேட்கும் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் 60 முதல் 90 கிலோமீட்டருக்குள் அது அகப்படும். அந்த வேகத்தில் ஒருமுறை ஆக்சிலரேட்டரை அழுத்தியும், ஒருமுறை அதே வேகத்தை நிலையாக வைத்தும், ஒருமுறை காலை முழுவதும் எடுத்தும் கேளுங்கள். அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால், கிரவுன் பல்லின் இழுவைப் பக்கம் தேய்ந்திருக்கலாம். காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் மறுபக்கத்தையோ, இறுக்கம் தளர்ந்த பினியன் பேரிங்கையோ ஐயுற வேண்டும். ஆக்சிலரேட்டரை என்ன செய்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் சத்தம் டயர் அல்லது பேரிங்குடையது. அவற்றுள் தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் தளத்துக்கு மாறும்போது குரல் மாறினால் அது டயர். நீண்ட வளைவில் காரின் எடை இடப்பக்கம் சாயும்போது சத்தம் கூடி, வலப்பக்கம் சாயும்போது குறைந்தால், இடப்பக்க வீல் பேரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதே சோதனையைச் சமதளத்தில் ஒருமுறை நியூட்ரலில் உருளவிட்டும் செய்தால் எஞ்சின் சத்தம் கணக்கிலிருந்து நீங்கிவிடும். ஆனால் மலையிறக்கத்தில் நியூட்ரலில் விடுவதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. அங்கே எஞ்சின் பிரேக்தான் உயிர்க்காப்பு.

ஏற்காட்டுப் பாதையில் இரண்டாம் கியரில் ஏறும்போது பல்லின் இழுவைப் பக்கமும், அதே கியரில் இறங்கும்போது மறுபக்கமும் நெடுநேரம் சுமை தாங்குவதால், ஒவ்வொன்றையும் நிதானமாகக் கேட்க முடியும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது பின்னால் கடகடவென நடுங்கினால், லிமிடெட் ஸ்லிப் வகை (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும்) டிஃபரன்ஷியலில் கிளட்ச் தகடுகள் ஒட்டி விடுகின்றன என்று பொருள். இது பல நேரங்களில் தவறான ஆயிலை ஊற்றியதன் விளைவு, ஆகவே உரிய ஆயிலும், தகடுகளின் உராய்வைச் சீராக்க அதனுடன் கலக்கும் சேர்மமும் மாற்றினாலே நின்றுவிடும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்திலும் வார இறுதியிலும் இந்தச் சோதனைக்குப் போவது வீண். முன்னால் செல்லும் பேருந்தின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது.

அடுத்தது காருக்கு அடியில். சமதளத் தரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, தயாரிப்பாளர் குறித்துள்ள இடங்களில் ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே நுழைய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடப் படுக்கக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிவதும், சுழற்றும்போது ஸ்பிரிங்கில் வைத்த விரல்களுக்கு அதிர்வு எட்டுவதும் வீல் பேரிங்கின் அடையாளம். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (வளைந்து கொடுக்கும் மூட்டு), அதன் நடுவைத் தாங்கும் சென்டர் பேரிங், டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் ஆகியவற்றைப் பாருங்கள். கியர் போடும்போது எழும் ‘டக்’ சத்தத்துக்குக் கிழிந்த புஷ்ஷே பலமுறை காரணமாகிறது, அதன் விலையோ டிஃபரன்ஷியலின் விலையில் சிறு பங்கு. கடைசியாகப் பினியன் ஃபிளாஞ்சை (புரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டப்படும் வட்டத் தகட்டை) இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அது சுழலும் திசையில் சிறிது விளையாடுவது இயல்பு. மேலும் கீழுமாக மயிரிழை அசைந்தாலும் பினியன் பேரிங்கின் இறுக்கம் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இவ்வளவும் டிஃபரன்ஷியலையே காட்டினால் ஆயிலை இறக்கிப் பாருங்கள். காரைச் சற்று ஓட்டிச் சூடாக்கிய பின், முதலில் நிரப்பும் துளையின் பிளக்கைக் கழற்ற வேண்டும். அது துருவேறி வர மறுத்தால், ஆயிலை இறக்கிவிட்டு மீண்டும் ஊற்ற வழியில்லாமல் கார் அங்கேயே நின்றுவிடும். இறக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அதை விரல்களுக்கிடையே தேய்க்கும்போது வெண்ணெய் போல வழுக்கினால் அது இயல்பான தேய்மானம்; நறநறவென்று மணல் தட்டுப்பட்டாலோ, ஊசிபோன்ற துணுக்குகளோ பல்லின் முனையோ கிடைத்தாலோ இனி ஐயத்துக்கு இடமில்லை. கந்தக வாடை பழுதின் அறிகுறியன்று. அது இந்த ஆயிலில் சேர்க்கப்படும் வேதிப்பொருளின் வாடை. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மேலே உள்ள காற்றுத்துளை அடைபட்டால், மலையேற்றத்தில் சூடாகும் காற்று வெளியேற முடியாமல் ஆயில் சீலைத் தள்ளிக் கசியச் செய்யும். ஆகவே சீல் கசிந்தால் அந்தத் துளையையும் பார்க்க வேண்டும்.

இனி, பழைய டிஃபரன்ஷியலைப் பிரித்துச் சீர்செய்வதா, முழு யூனிட்டாக மாற்றுவதா என்பது கேள்வி. சங்ககிரி லாரிப் பட்டறைகளில் கிரவுன் செட்டிங்கில் பழுத்த கைகள் உண்டு. ஆனால் காரின் சிறிய டிஃபரன்ஷியலில் பேக்லாஷ் (கிரவுன், பினியன் பற்களுக்கிடையே உள்ள விளையாட்டு) பெரும்பாலும் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பதால், டயல் கேஜால் அந்த இடைவெளியை அளந்து, பல்லில் மை தடவி அதன் பதிவைப் பார்ப்பவரிடம் மட்டுமே அதைக் கொடுக்கலாம். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே பொருத்தித் தேய்க்கப்பட்டவை; ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை நிச்சயம். வீட்டில் செய்பவருக்கு முழு யூனிட்டை மாற்றுவதே ஏற்றது என்பது என் கருத்து.

பழைய யூனிட் வாங்கினால் விகிதம் ஒன்றாக இருக்கிறதா என்பதை அதன் தகட்டில் பார்ப்பதோடு எண்ணியும் சரிபார்க்க வேண்டும். லிமிடெட் ஸ்லிப் அல்லாத சாதாரண வகையில் ஒரு பக்க ஃபிளாஞ்சை அசையாமல் பிடித்து, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், பினியன் சுற்றும் எண்ணிக்கையே விகிதம். கிரவுனில் 39 பல்லும் பினியனில் 11 பல்லும் இருந்தால் அது 3.55 ஆகும். ஃபிளாஞ்சின் போல்ட் துளைகள், சென்சார் இடம், லிமிடெட் ஸ்லிப் உண்டா இல்லையா என்பவையும் பொருந்த வேண்டும்.

கழற்றும் நாளுக்கு முந்தைய இரவே எக்சாஸ்ட் போல்ட்களில் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து வையுங்கள். மறுநாள் பேட்டரி இணைப்பை எடுத்து, பின்சக்கரங்களையும் எக்சாஸ்டின் பின்பகுதியையும் வெப்பத் தடுப்புத் தகட்டையும் நீக்கவும். புரொப்பெல்லர் ஷாஃப்டும் பினியன் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரே கோடாகப் பெயின்ட் குறி இட்ட பிறகே போல்ட்களைக் கழற்ற வேண்டும். குறி தவறி மாட்டினால் புதிய அதிர்வு ஒன்று பிறந்துவிடும். ஷாஃப்டைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பக்கவாட்டு ஆக்சில்கள் சில கார்களில் போல்ட் போட்டவை, சிலவற்றில் நெம்பி வெளியே எடுப்பவை. எப்படியானாலும் அவற்றின் ரப்பர் உறை கிழியாமல் உயர்த்திக் கட்ட வேண்டும். சென்சார் இணைப்பையும் காற்றுக்குழாயையும் கழற்றி, டிஃபரன்ஷியலுக்கு அடியில் கியர்பாக்ஸ் ஜாக்கியைக் கொடுத்துப் பட்டையால் இறுக்கிய பின் தாங்கும் போல்ட்களை எடுங்கள். எடை மிகுந்தது என்பதால் உடன் ஒருவர் இருப்பது கட்டாயம்.

புதிய யூனிட்டை ஏற்றுமுன், கைக்கு எட்டும் இப்போதே பக்கவாட்டு ஆயில் சீல்களையும் தேய்ந்த ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடுங்கள். பினியன் நட்டை மட்டும் தொடாதீர்கள். அதன் இறுக்கத்தில்தான் பேரிங்கின் இறுக்கம் அடங்கியிருக்கிறது. ஏற்றும்போது எல்லாப் போல்ட்களையும் கையால் கோத்த பிறகே, பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனரால்) முறுக்க வேண்டும். ஒருமுறைக்கு மட்டுமே என்று கையேடு சொல்லும் போல்ட்களையும் வளையங்களையும் புதிதாகவே போட வேண்டும். சஸ்பென்ஷன் கை ஏதேனும் கழற்றப்பட்டிருந்தால், அதன் புஷ் போல்ட்டைச் சக்கரங்கள் எடை தாங்கும் நிலையில்தான் இறுதியாக முறுக்குவது முறை.

ஆயில் ஜிஎல்-5 தரத்தில், கையேடு சொல்லும் தடிமனில், அதாவது 75டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-140 ஆக இருக்கட்டும். கார் மட்டமாக நிற்கும்போது நிரப்பும் துளையின் விளிம்பிலிருந்து வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் போதும். சேர்மம் தேவைப்படும் லிமிடெட் ஸ்லிப் வகையில் அதை முதலிலேயே ஊற்றிவிட வேண்டும்.

பழகிய பழைய யூனிட்டானால் ஒரு சுற்று ஓட்டி, கசிவு பார்த்துவிட்டு வழக்கம்போல் ஓட்டலாம். புதிய கிரவுன் பினியன் போடப்பட்டிருந்தால் முதல் ஓட்டம் 15, 20 நிமிடங்களுக்கு மேல் நீளாமல் இருக்க வேண்டும். பிறகு முழுவதும் ஆறவிட்டு, மேலும் சிலமுறை அப்படியே ஓட்டவும். 800 கிலோமீட்டர் வரை திடீர் வேகமும் ஏற்காட்டு ஏற்றமும் வேண்டாம். சேலத்துச் சமதளச் சாலைகளே போதும். அந்தத் தூரம் கடந்ததும் ஆயிலை இறக்கி, காந்தத்தைத் துடைத்து, புதிய ஆயில் ஊற்றி, தாங்கும் போல்ட்களின் இறுக்கத்தை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மலைக்கு ஏறலாம்.