கையைத் திருத்தும் முன் களத்தைத் திருத்துங்கள்: கூடைப்பந்து எறிதல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டு மாணவனிடம் பெரியவர்கள் ஆடும் 7ஆம் எண் பந்தைக் கொடுத்து, 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளையத்தைக் காட்டி, “முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டை மடக்கு” என்று எத்தனை தடவை சொன்னாலும் அவன் இடுப்பிலிருந்துதான் பந்தைத் தூக்கி எறிவான். அவன் சொல் பேச்சு கேட்காத பிள்ளை அல்ல. அவ்வளவு கனமான பந்தை அவ்வளவு உயரத்துக்கு அனுப்ப அவன் தோளில் இன்னும் பலம் இல்லை. உடம்பு தானாக ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளிகளின் உடற்கல்வி வகுப்புகளில் நான் பார்க்கும் எறிதல் பிழைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. பந்து, உயரம், தூரம், வரிசை இவற்றை நாம் அமைக்கும் விதமே மாணவர்களைத் தவறாக எறிய வைக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யாமல் கையைப் பிடித்துத் திருத்துவதில் பெரிய பயன் இல்லை.

பந்தும் உயரமும்

7ஆம் எண் பந்து ஏறக்குறைய 600 கிராம் இருக்கும். மகளிர் ஆடும் 6ஆம் எண் பந்து அதைவிடச் சற்று இலேசு. 12 வயதுக்கு உட்பட்டோருக்கான மினி கூடைப்பந்துக்கு அனைத்துலகச் சம்மேளனமான ஃபிபா வைத்திருப்பது 5ஆம் எண் பந்து. வளைய உயரம் 2.60 மீட்டர். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுதான் சரியான அளவு. ஆனால் நம் பள்ளிகளின் விளையாட்டுப் பொருள் அறையைத் திறந்தால் பல இடங்களில் பழைய 7ஆம் எண் பந்து இரண்டு மூன்றுதான் கிடக்கும்.

அதே அறையில் பெரும்பாலும் வலைப்பந்துகள் (நெட்பால்) இருக்கும். அவற்றை எடுங்கள். வலைப்பந்தின் சுற்றளவு 69 முதல் 71 சென்டிமீட்டர். 5ஆம் எண் கூடைப்பந்தும் அதே சுற்றளவுதான். எடை 400 முதல் 450 கிராம் என்பதால் இன்னும் இலேசு. தட்டிக்கொண்டு ஓடுவதற்குச் சரிப்படாது என்றாலும், எறியும் பாணியைப் பழக்க அருமையான பந்து. புதுப் பந்துக்கு நிதி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

வளையத்தை இறக்க முடியாத இடத்தில் சுவரைப் பயன்படுத்தலாம். இரண்டரை மீட்டர் உயரத்தில் வெண்கட்டியால் ஒரு கட்டம் வரைந்தால் போதும். நகர்த்தக்கூடிய கம்பமாக இருந்தால் அடிப்பாகத்தில் பாரம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதில் யாரும் தொங்கக்கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஸ்டீஃபன் கரியின் காணொளிகளைப் பார்க்காத பிள்ளை இன்று இல்லை. பள்ளிக் காலத்தில் கரியும் சிறிய உடம்புக்காரர். பந்தைத் தாழ்வான இடத்திலிருந்துதான் எறிந்துகொண்டிருந்தார். உயரமான தடுப்பாளர்கள் அதைச் சுலபமாகத் தடுப்பார்கள் என்று அவருடைய தந்தை டெல் கரி, தாமும் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்பிஏவின் ஆட்டக்காரர் என்பதால், பந்தை விடும் இடத்தைத் தலைக்கு மேலே கொண்டுபோக வைத்தார். அந்தப் பாணி கைவரும் வரை கரி கூடைக்கு மிக அருகில் நின்றுதான் பழகினார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று கரியைப் போல எறிய ஆசைப்படும் மாணவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், அறிவுரையைவிட வேகமாக வேலை செய்யும்.

தூரமும் வளைவும்

முதல் பாடத்திலேயே தனி எறி (யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ) கோட்டில் நிற்க வைப்பது மிகப் பரவலான தவறு. அந்தக் கோடு வளையத்துக்குப் பின்னால் உள்ள பலகையிலிருந்து 4.60 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பந்தைச் சேர்க்கவே சிரமப்படும் பிள்ளை பந்தைத் தட்டையாகத்தான் வீசும். தட்டையாக வரும் பந்து ஏன் விழாது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு.

வளையத்தின் உள் விட்டம் 45 சென்டிமீட்டர். 7ஆம் எண் பந்தின் விட்டம் சுமார் 24. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு முழு 45 சென்டிமீட்டரும் திறந்திருக்கிறது. தரைமட்டத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் வரும் பந்துக்கு அந்தத் திறப்பு 32 சென்டிமீட்டர் போலத்தான் தெரியும். 30 பாகையில் 22.5 சென்டிமீட்டர், அதாவது பந்தைவிடச் சிறியது. அந்தச் சாய்வில் எவ்வளவு குறிபார்த்து எறிந்தாலும் பந்து வளையத்தில் இடிக்காமல் உள்ளே போகவே முடியாது. இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் இதை வெண்பலகையில் வரைந்து காட்டலாம். சைன் படித்தவர்கள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

ஆகவே கூடைக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரத்தில் தொடங்குங்கள். வளைவு வர வேண்டும் என்றால் “உயரமாக எறி” என்று கத்துவதைவிட, உயரம் தாண்டும் கம்பங்கள் இரண்டுக்கு நடுவே மாணவரின் தலைக்கு நன்றாக மேலே ஒரு கயிறு கட்டி, அதைத் தாண்டிப் பந்து போகட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. கயிறே சொல்லிக்கொடுத்துவிடும். ஒரு தூரத்தில் பாணி குலையாமல் எறிய முடிந்தால் அரை மீட்டர் பின்னால் போகலாம். பந்து மறுபடி இடுப்புக்கு இறங்கினால் தூரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

நீண்ட வரிசை

வகுப்பில் 32 பேர், வளையம் ஒன்று, பந்து ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எறிந்து, பந்தை எடுத்து, அடுத்தவரிடம் கொடுக்க 10 விநாடி. 20 நிமிடத்தில் மொத்தம் 120 எறிகள். ஒரு மாணவருக்கு நான்குகூடக் கிடைக்காது! மீதி நேரமெல்லாம் வெயிலில் நின்று முன்னால் இருப்பவரைச் சீண்டுவதில் போய்விடும். அப்புறம் ஒழுங்கு இல்லை என்று நாம் குறைப்படுகிறோம்.

வளையம் இல்லாமலே எறிதலைப் பழக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். நான்கு பேருக்கு ஒரு பந்து. எதிரெதிரே நின்று கயிற்றுக்கு மேலே ஒருவருக்கொருவர் எறியலாம். ஒரு குழு சுவர்க் கட்டத்துக்கு, இன்னொரு குழு வளையத்துக்கு என்று சில நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறலாம். இப்படி அமைத்தால் அதே 20 நிமிடத்தில் ஒவ்வொருவரும் 40 முறைக்கு மேல் எறிந்துவிடுவார்கள். நான்கு எறியில் யாருக்கும் எதுவும் வராது.

ஒரே மூச்சில் ஆறு அறிவுரை

கால் அகலம், முழங்கால் மடிப்பு, முழங்கை, கண், மணிக்கட்டு, விரல் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு “ம், எறி” என்றால் மாணவர் சிலையாக நின்றுவிடுவார். ஒரு வகுப்புக்கு ஒரு குறிப்பு போதும். அந்தக் குறிப்பும் உடலைப் பற்றி இல்லாமல் பந்தையோ வளையத்தையோ பற்றி இருந்தால் இன்னும் நல்லது. இயக்கக் கற்றல் ஆய்வாளர் கேப்ரியேல வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தனி எறியின்போது மணிக்கட்டைக் கவனித்தவர்களின் எறியைவிட வளையத்தைக் கவனித்தவர்களின் எறி துல்லியமாக இருந்தது. “மணிக்கட்டை மடக்கு” என்பதற்குப் பதில் “பந்தின் கோடுகள் பின்னோக்கிச் சுழல்வதை எனக்குக் காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். பின்சுழல் வர வேண்டும் என்றால் மணிக்கட்டு தானாக மடங்கியே ஆக வேண்டும். வளையத்திலோ பலகையிலோ பட்ட பந்தின் வேகத்தைத் தணித்து உள்ளே விழ உதவுவதும் அந்தச் சுழல்தான்.

கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு என்றால் அது துணைக்கை. பக்கவாட்டில் பந்தைத் தாங்க வேண்டிய அந்தக் கை, கடைசி நொடியில் கட்டைவிரலால் பந்தைத் தள்ளிவிடும். பந்து பக்கவாட்டில் சுழன்று விலகிப் போகும். சிறு பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் பந்தின் கனத்தால் வருவது, பந்தை மாற்றினாலே பாதி குறையும். மீதிக்கு, துணைக்கையின் கட்டைவிரலை உள்ளங்கையோடு ஒட்டி வைத்துச் சில எறிகள் பழகச் சொல்லுங்கள். முழங்கை விஷயத்தில் மட்டும் கறார் வேண்டாம். வளையத்துக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள், கொஞ்சம் வெளியே விலகினால் விட்டுவிடுங்கள். பாதங்கள் இரண்டும் வளையத்தை நேராகப் பார்த்தே ஆக வேண்டும் என்ற பழைய விதியும் அப்படித்தான். எறியும் கைப்பக்கத்துக் கால் சற்று முன்னால், உடம்பு இலேசாகத் திரும்பி நிற்பது பலருக்கு வசதியாக இருக்கிறது.

வலைப்பந்துப் பழக்கம்

நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் முதலில் கற்பது வலைப்பந்து. அதன் வளையமும் 3.05 மீட்டர் உயரம்தான். ஆனால் விட்டம் 38 சென்டிமீட்டர், பலகை கிடையாது. பந்தைத் தலைக்கு மேலே உயர்த்தி, நின்ற இடத்திலிருந்து மெதுவாக விடுவார்கள். இந்தப் பழக்கத்தோடு கூடைப்பந்துக்கு வரும் மாணவி பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவார், காலின் விசையைப் பயன்படுத்தமாட்டார், பலகையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். இதைத் தவறு என்று சொல்லி அவரைக் குழப்ப வேண்டாம். வளைவும் நிதானமும் அவரிடம் ஏற்கனவே இருக்கின்றன. பந்து நெற்றிக்கு முன்னால் இருக்கட்டும், முழங்கால் நிமிரும்போதே கையும் எழட்டும் என்று அந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள். பிறகு வளையத்துக்குப் பக்கவாட்டில் 45 பாகைக் கோணத்தில் நிறுத்தி, பலகையில் வரைந்திருக்கும் சிறு கட்டத்தின் மேல் மூலையில் பந்தைப் படவைக்கச் சொல்லுங்கள். பலர் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள்.

பையன்களுக்குக் கூடைப்பந்து, பெண்களுக்கு வலைப்பந்து என்று வகுப்பைப் பிரித்துவிடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில், இதே கோலாலம்பூரின் மாபா அரங்கில் தங்கம் வென்றது மலேசிய மகளிர் கூடைப்பந்து அணி. நம் பெண் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

செய்து காட்டும்போதும் மதிப்பிடும்போதும்

செய்து காட்டும்போது மாணவர்கள் சூரியனைப் பார்த்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை காட்டுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இடக்கையாலும் காட்ட வேண்டும், பந்து விழாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எறிய வைப்பது ஒழுங்காகத் தெரியும். ஆனால் 1978இல் கெர், பூத் இருவரும் 8 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையில், 3 அடி தூர இலக்குக்கு மட்டுமே பழகியவர்களைவிட, 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறிப் பழகியவர்களே அந்த 3 அடி இலக்கில் சிறப்பாக எறிந்தார்கள். அடிப்படைப் பாணி பிடிபட்டதும் இடத்தையும் தூரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவு நிலைகள் இருக்கின்றன. “10 எறியில் எத்தனை விழுந்தது” என்று மட்டும் எண்ணி நிலை போட்டால், உயரமான பிள்ளை இடுப்பிலிருந்து வீசியே மேலே போய்விடும். அழகான பாணியுள்ள குட்டைப் பிள்ளை கீழே நின்றுவிடும். வளைவு இருந்ததா, பின்சுழல் இருந்ததா, எறிந்த பிறகு நிலை குலையாமல் நின்றாரா என்று பாருங்கள். தவறவிட்டவரைத் திடலைச் சுற்றி ஓட விடும் வழக்கம் இன்னும் சில பள்ளிகளில் இருக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும். தவறினால் தண்டனை என்று தெரிந்த பிள்ளை எறியவே தயங்கும்.

மழை பெய்து முடிந்த சிமெண்டுத் தளத்தில் வகுப்பு நடத்தாதீர்கள், வழுக்கி விழுந்தால் கை உடையும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கை கூடாது என்பது கல்வி அமைச்சின் விதி. அந்த நாட்களில் பாடத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. மண்டபத்தில் பாயை விரித்து மாணவர்களை மல்லாந்து படுக்க வைத்து, ஒரு கையால் பந்தை நேர் மேலே எறியச் சொல்லுங்கள். முதலில் ஒரு முழம் உயரம் போதும். கையை நகர்த்தாமலே பந்து அதே கைக்குத் திரும்பி வந்தால் நேராகப் போயிருக்கிறது. முகத்தை நோக்கியோ பக்கத்திலோ விழுந்தால் எந்த விரல் இழுத்தது என்று மாணவருக்கே தெரிந்துவிடும். இதற்கும் அந்த வலைப்பந்துகளே போதும்.