பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று ஊரில் புரளி கிளம்பினால்

புரளி எப்படிக் கண் காது மூக்கு வைத்துக்கொள்கிறது என்று தெரிந்தால்தான் அதைப் பிடித்து நிறுத்த முடியும். பக்கத்து ஊரில் யாரோ ஒரு ஆள் சுற்றிக்கொண்டிருந்தான் என்று காலையில் டீக்கடையில் ஒருவர் சொல்வார். எந்த ஊர் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வராமல் ஏதோ ஒரு ஊர்ப்பெயரைச் சொல்லிவைப்பார். ரேஷன் கடை வரிசைக்கு வரும்போது அந்த ஆள் இந்திக்காரன் ஆகியிருப்பான், பஸ் ஸ்டாண்டில் இரண்டு பிள்ளைகளைக் காணோம், பொழுது சாய்வதற்குள் கூடவே ஒரு வேனும் வந்துவிடும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஆளாளுக்கு ஒரு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் இப்படித்தான் உயிர் போனது. சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட காரில் வந்த குடும்பம், வழி கேட்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. அங்கிருந்து அடுத்த ஊருக்கு போன் பறந்தது, கார் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. 65 வயது அம்மாவை அடித்தே கொன்றார்கள். அந்த நேரத்தில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்த இருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம், பிள்ளையைத் திருப்பி விடுகிற கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

அதனால் உங்களிடம் பேச்சு வந்ததும் கேட்க வேண்டியது, "காணாமல் போனது யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். கிராமத்தில் ஒரு பிள்ளை நிஜமாகவே காணாமல் போனால் அப்பன் பெயர், தெரு, படிக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதற்குப் பதில் இல்லை என்றால், "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டு அவருக்கே போன் போடுங்கள், அவர் இன்னொருவரைக் காட்டுவார், அவரையும் கூப்பிடுங்கள். பெரும்பாலும் மூன்றாவது ஆளிடமே அது ஒரு ஃபார்வர்டாக முடிந்துவிடும். வாட்ஸ்அப் மெசேஜின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். பெயர் இல்லாமல், தேதி இல்லாமல், "போலீஸே சொன்னாங்க" என்று வருகிற வாய்ஸ் மெசேஜை அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் காவல் நிலையத்தில் கேளுங்கள், அவர்கள் சொன்னதைக் குரூப்பில் போடுங்கள். போடும்போது "இது பொய்" என்று அந்த வீடியோவையே மறுபடி அனுப்பாதீர்கள், எழுத்தைப் படிக்காமல் வீடியோவை மட்டும் பார்க்கிறவர்கள்தான் அதிகம். வார்டு மெம்பரோ அங்கன்வாடி டீச்சரோ தன் குரலில் சொன்னால் இன்னும் நல்லது. குரூப்பில் இல்லாத பெரியவர்களுக்குக் கோயில் மைக் இருக்கிறது.

இதற்குள் யாராவது வெளியூர்க்காரரைக் கூட்டம் சூழ்ந்துவிட்டால் அங்கே நின்று வாதாட நேரமில்லை. முதலில் 112-க்குப் போன் செய்யுங்கள். கூட்டம் மதிக்கிற இரண்டு மூன்று பேரை, முக்கியமாகப் பெண்களை, கூட்டிக்கொண்டு போய் அவரை ஒரு வீட்டுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்துங்கள். சந்தேகம் நிஜமாகவே இருந்தாலும் போலீஸ் வந்து விசாரிக்கட்டும், அதுவரை அவர் மேல் ஒரு கை படக்கூடாது.