7.5-இல் சேமித்தது 7.3-இல் ஏறவில்லை

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் ஐபிஎம் ஐ என்ற இயங்குதளம் ஓடும் பழைய கணினி இருக்கிறது, பதிப்பு 7.3. நாகர்கோவிலில் எங்கள் அலுவலகத்தில் இருப்பது 7.5. எடைச்சீட்டுப் புரோகிராமைத் திருத்தி, கோப்புகளோடு சேர்த்துச் சேமித்துக்கொண்டு, கொட்டும் மழையில் தக்கலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அங்கே ரீஸ்டோர் செய்தால், அதாவது சேமித்ததை அவர் கணினியில் ஏற்றினால், ஒன்றுகூட ஏறவில்லை.

"என்ன தம்பி, கரண்டுப் பிரச்சினையா?" என்றார் முதலாளி.

ஒரு வகையில் கரண்டுதான்! சேமிக்கும் கட்டளையில் டார்கெட் ரிலீஸ் (எந்தப் பதிப்புக்காகச் சேமிக்கிறோம்) என்ற இடத்தை நான் தொடவே இல்லை. தொடாவிட்டால் அது ‘கரண்ட்’, அதாவது சேமிக்கும் கணினியின் நடப்புப் பதிப்பான 7.5 என்றே எடுத்துக்கொள்ளும்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "‘பிரீவியஸ்’ கொடுக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டான் உடன் வேலை செய்யும் பையன். கூடாது; 7.5-க்கு முந்தையது 7.4. 7.5-இலிருந்து 7.3 வரை பின்னோக்கிச் சேமிக்க முடியும் என்பதால், 7.3-ஐக் குறிக்கும் வி7ஆர்3எம்0 என்று நேராகவே கொடுக்கச் சொன்னேன். கோப்புகள் சேமிக்கப்பட்டன. புரோகிராம் மட்டும் அடம்பிடித்தது.

டிஸ்ப்ளே புரோகிராம் கட்டளையில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: அது ஓடக்கூடிய மிகப் பழைய பதிப்பே 7.5 என்று இருந்தது. சேமிக்கும்போது பதிப்பைக் குறைத்தால் போதாது, கம்பைல் செய்யும்போதே, அதாவது எழுதிய நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றும்போதே, குறைத்திருக்க வேண்டும். அதே டார்கெட் ரிலீசைக் கொடுத்து மறுபடி கம்பைல் செய்து, மறுபடி சேமித்து அனுப்பினான். ஏறிவிட்டது. முதல் எடைச்சீட்டு அச்சாகி வந்தபோது முதலாளி கடையை அடைக்கத் தொடங்கியிருந்தார்.