ட்ரையரில் துணி காயவில்லை: என் அனுபவம்

ட்ரையர் சூடாகத்தான் ஓடியது. ஆனால் துணி ஈரமாகவே வரும். கறுப்பு பேன்ட் முழுக்கப் பஞ்சு வேறு. சூடு வந்தும் காயவில்லை என்றால் பெரும்பாலும் காற்றோட்டம்தான் கோளாறு.

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் வழித்தெடுப்பவன்தான் நான். இருந்தாலும் குழாயடியில் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் வலையில் இறங்காமல் தேங்கி நின்றது. வாசனைக்குப் போடும் ட்ரையர் ஷீட்டின் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருந்தது. வெந்நீர், பாத்திர சோப்பு, பழைய டூத்பிரஷ்: தேய்த்ததும் தண்ணீர் சரசரவென இறங்கியது. காயவைத்துத்தான் திரும்பச் செருகினேன்.

பெரிய வேலை பின்பக்கம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை இழுத்தேன். (கேஸில் ஓடும் ட்ரையர் என்றால் இதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.) ஈரக் காற்றை வெளியே தள்ளும் மடிப்பு மடிப்பான ஃபாயில் குழாய் சுவரோடு நசுங்கிக் கிடந்தது, உள்ளே அத்தனை மடிப்பிலும் பஞ்சு. பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும் சமாச்சாரம் என்பதால் அதைச் சுத்தம் செய்து மாட்ட மனம் வரவில்லை. வழவழப்பான 4 அங்குல உலோகக் குழாய் போட்டு, வளைவுகளைக் குறைத்தேன். இணைப்புகளுக்கு ஸ்க்ரூ வேண்டாம், அதன் முனையில் பஞ்சு சிக்கும். அலுமினிய டேப் போதும். வெளிச்சுவரில் அந்தக் காற்று வெளியேறும் வாயின் மூடியும் தாராளமாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

டிரம்முக்குள் ஈரத்தை அறியும் உலோகப் பட்டைகளை வினிகர் தொட்ட துணியால் துடைத்தேன். இப்போது ஒரே ஓட்டத்தில் காய்கிறது. பஞ்சு அதிகம் உதிர்க்கும் டவல்களை மட்டும் தனியாகப் போடுகிறேன். ட்ரையர் ஷீட்டை நிறுத்தியாயிற்று.